பாப்பா ரூம்

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் குடியிருந்தார்கள், இன்னொன்றில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

குடியிருந்ததை வீடு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர்மூலையில் கட்டில். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைத் தொடலாம். ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாப்பாவின் மெத்தை. ஃபிரிட்ஜ் உறுமி நிற்கும்போதெல்லாம் மெத்தையை ஒரு குலுக்குக் குலுக்கும். அது பழகிப்போய், பள்ளிச் சுற்றுலாவில் வேறு இடத்தில் படுத்தபோது குலுக்கல் இல்லாமல் அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. பதினேழு வயசு. பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் பிழைக்கப் போயிருந்த அந்த வெளிநாட்டு ஊர்க்காரர்களுக்கு அது வாயில் நுழையாது, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆக, அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் மட்டும் சும்மா இருந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வீடு, அப்பா வேலை பார்த்த ஃபர்னிச்சர் கடையில் இருந்தது. அப்பாவுக்குக் குடோனில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. மேல்மாடியில் வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக மாதிரி அறைகள் போட்டிருப்பார்கள். ஹால், சமையலறை, படுக்கையறை, குழந்தைகள் அறை. எல்லாம் அசல் வீடு மாதிரியே இருக்கும், கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படும். டிவி அட்டையில் செய்தது. அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள் வெறும் கூடு. ஜன்னல் திரையை விலக்கினால் ஒரு தோட்டத்துப் படமும் அதற்குப் பின்னால் ஒரு குழல்விளக்கும்.

அங்கே போன புதிதில், சொந்த ஊரிலிருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், "வீட்டை ஒரு படம் எடுத்து அனுப்புடா, பாப்போம்" என்று கேட்டார். அப்பா அறையை நாலு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் மானம் கப்பலேறும் என்று தெரிந்தது. அடுத்த விடுமுறை நாளில் அம்மாவை நல்ல புடவை கட்டச் சொல்லி, ஆறு வயதுப் பாப்பாவுக்குத் தலைசீவி, கடைக்குக் கூட்டிப்போனார். திறந்தவுடனே போனால் கூட்டம் இருக்காது. கட்டிலிலும் சோபாவிலும் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், தடையில்லை. ஒரே ஒரு சங்கடம், ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு தொங்கும். அப்பா மெத்தைக்கு அடியில், விளக்குக்குப் பின்னால், தலையணைக்குள் என்று ஒவ்வொன்றாகச் சொருகி மறைத்தார். "உக்காருங்க, ஆனா அழுத்தி உக்காராதீங்க" என்றார். அம்மா அந்தப் படத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாளா, பக்கத்தில் மிதக்கிறாளா என்று சொல்வது கஷ்டம்.

குழந்தைகள் அறையில் ஏணி வைத்த கட்டில், மேசை, மேசைமேல் வளைந்த கழுத்து விளக்கு. "இது பாப்பா ரூம்" என்று அப்பா படத்துக்கு அடியில் எழுதி அனுப்பினார். பாப்பா அதை அப்படியே நம்பிவிட்டாள். நம்பியதால்தான், பக்கத்திலிருந்த மாதிரிக் குளியலறைக்குப் போய், அங்கே வைத்திருந்த பளபளப்பான கழிவறையில் ஒண்ணுக்குப் போய்விட்டாள். அதில் குழாயும் கிடையாது, போக வழியும் கிடையாது. அப்பா யாரும் பார்ப்பதற்குள் தன் கைக்குட்டையால் துடைத்தெடுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "நம்ம வீடுன்னு சொன்னீங்களே" என்று பாப்பா அழுதாள். அம்மா அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படம் ஊரில் சக்கைப்போடு போட்டது. கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாதிரி அறைகளை மாற்றிவிடுவார்கள், அப்பாவும் வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்து அனுப்புவார். "வருஷா வருஷம் சாமானை மாத்துறீங்களே, பழசை எல்லாம் என்னதான் பண்றீங்க?" என்று பெரியம்மா ஃபோனில் வயிறெரிந்தாள். "யாருக்காவது குடுத்துடுவோம் அண்ணி" என்பார் அப்பா, கூசாமல்.

இத்தனை பொய்க்கும் நடுவில் ஊருக்கு அவர் காட்டிய ஒரே நிஜம், பாப்பாவின் தமிழ்.

அந்த விஷயத்தில் அப்பா விடாக்கண்டன். வீட்டுக்குள் அந்த ஊர் மொழியில் பேசினால் அவருக்குக் காது கேட்காது. நிஜமாகவே செவிடர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பென்சில் வேண்டும், பசிக்கிறது, விழுந்து முட்டியில் ரத்தம் வருகிறது என்று எதைச் சொன்னாலும் சரி, அவள் அதைத் தமிழில் சொல்லும்வரை முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டிருப்பார். தமிழில் சொன்ன மறுகணம், "என் கண்ணு, என்னம்மா வேணும்?" என்று எழுந்து வருவார். பேருந்தில் கடைப் பலகைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைப்பார்கள் இருவரும். ஃபோன் வந்தால் முதல் வேலையாக அவளிடம் கொடுத்து, "பேசு, பெரியப்பாகிட்ட பேசு" என்பார். அவள் பேசப்பேச அவர் முகம் மலரும். "கேட்டியாண்ணே? அங்க இருக்கற புள்ளைங்களே இப்படிப் பேசாது" என்பார்.

அவரே அந்த ஊர் மொழியில் பேசினால் பார்க்கச் சகிக்காது. மேஸ்திரியிடமும் அதிகாரிகளிடமும் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட மொழி. 'தயவுசெய்து', 'மன்னிக்கணும்', 'சரிங்க ஐயா' என்பதைத் தாண்டி அதில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் வராது. அதைப் பேசும்போது முதுகு தானாகக் குனியும். தமிழுக்குத் திரும்பியதும் நிமிர்ந்துவிடுவார். பாப்பாவுக்கு அந்த நிமிர்ந்த அப்பாவைத்தான் பிடிக்கும்.

ஆனால் முதுகு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பீரோ தூக்கித் தூக்கி அது போய்விட்டது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க அம்மா கை கொடுக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்கப்புறம் வேலையும் இல்லை, வாடகைக்கு வழியும் இல்லை. அம்மாவுக்கு இதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. ஊரில் பாப்பாவின் தாத்தா காலத்து வீடு இருக்கிறது, பெரியப்பா குடியிருக்கும் அதில் பாதி இவர்களுடையது. பின்பக்கத்து இரண்டு அறை போதும். அம்மா ஓட்டலில் துணி வெளுத்து மடிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து, அந்த இரண்டு அறை ஜன்னல்களுக்கு அளவாகத் திரை தைத்து, கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்தாள். ஓரமெல்லாம் பூவேலை.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா கூப்பிட்டார். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறாராம். "நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா எனக்கு வேலை சுலபம்டா. நீதான் அங்க அரண்மனை மாதிரி வச்சிருக்கியே, இந்த ஓட்டை வீடு உனக்கு எதுக்கு?"

"நேர்லயே வரேண்ணே" என்றார் அப்பா.

மூன்று பேருக்கும் டிக்கெட் எடுக்க முடியாது. அப்பாவும் பாப்பாவும் போவதாக முடிவாயிற்று. கிளம்பும் நாள் காலையில் அப்பா குளிக்கப் போனதும் அம்மா பாப்பாவைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அப்பா கேட்பாராம்மா?" என்றாள் பாப்பா.

"கேக்க மாட்டார். அண்ணனைப் பாத்ததும் வாய் கட்டிப்போயிடும் அவருக்கு. நீதான் சொல்லணும். நமக்கு அங்க ஒண்ணும் இல்ல, இந்த வீட்டை விட்டா வேற கதியில்லன்னு பளிச்சுனு சொல்லிடு. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

ஊரில் அவளை விழுந்து விழுந்து கவனித்தார்கள். மாடிப்படி ஏறுவாளா, தரையில் உட்காருவாளா, இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். கேள்வியெல்லாம் சத்தமாகவும் மெதுவாகவும் வந்தது. "பாப்...பா, தண்...ணி வேணுமா?" என்றாள் பெரியம்மா, கிணற்றுக்குள் இருப்பவளிடம் கேட்பதுபோல. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம் அங்கிருந்த டீச்சரும் இப்படித்தான் பேசினாள், வேறு மொழியில். "வேண்டாம் பெரியம்மா, இப்பதான் குடிச்சேன்" என்று பாப்பா சாதாரணமாகச் சொன்னாலும் அடுத்த கேள்வி அதே சத்தத்தில்தான் வந்தது.

பின்பக்கத்து அறைகளைப் போய்ப் பார்த்தாள். ஒன்றில் நெல் மூட்டை, ஒன்றில் உடைந்த சைக்கிள். ஜன்னல்கள் இருந்தன. விரலை விரித்துச் சாண் போட்டு அளந்து பார்த்தாள். அம்மாவின் திரை சரியாக இருக்கும். அவளுக்கு அப்போது உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. இங்கே மெத்தை போட்டால் எதுவும் குலுக்காது.

"என்ன, ரூமை அளக்கறியா?" என்று பின்னாலிருந்து குரல். பெரியப்பா மகள். இவளைவிட இரண்டு வயது மூத்தவள். காதில் பெரிய வளையம், கையில் ஃபோன்.

"சும்மா பாத்தேன்க்கா."

"உன் ரூம் மாதிரி வருமா இதெல்லாம்?" என்று சிரித்தாள் அக்கா. சிரிப்பில் என்னவோ இருந்தது. அவளே அடக்க முடியாமல் ஃபோனைத் தேய்த்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். ஒன்பது வயதுப் பாப்பா, மேசை, வளைந்த கழுத்து விளக்கு. அக்கா இரண்டு விரலால் விளக்கைப் பெரிதாக்கினாள். அடியில் வெள்ளையாகச் சீட்டு. அதில் சிவப்பு எழுத்தில் தள்ளுபடி.

"இவ்வளவு மலிவுன்னா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "இது... யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். உங்க படம் வந்தா நாங்க முதல்ல சீட்டைத்தான் தேடுவோம். யாரு முதல்ல கண்டுபிடிக்கறாங்கன்னு போட்டி. எங்கப்பாதான் ஜெயிப்பார். சித்தப்பா எவ்வளவு மறைச்சாலும் ஒண்ணாவது தப்பிச்சு வெளிய வந்துடும்." அப்புறம், பாப்பாவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "ஏய், தமாஷுக்குத்தான். சித்தப்பாகிட்ட போய்ச் சொல்லித் தொலைக்காதே."

பாப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்தது ஒரு பக்கம். எல்லாம் தெரிந்துகொண்டே, 'அரண்மனை இருக்கே, இது உனக்கு எதுக்கு' என்று ஒரு மனுஷன் கேட்டிருக்கிறார். காது குத்தியது இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் குத்திய காதில் தோடே போட்டுவிட்டார்கள். அவள் ஹாலுக்கு ஓடினாள்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. பத்திரம் எழுதுபவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், வலிக்கும் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? அங்கதான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா" என்றாள் பாப்பா. "எங்களுக்கு அங்க வீடு இல்ல. ஒரே ஒரு ரூம், அதுவும் வாடகை. அந்தப் படமெல்லாம் அப்பா மூட்டை தூக்கற கடையில எடுத்தது. அது உங்களுக்கே தெரியும், அக்கா சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு. அம்மா இங்க வந்து இருக்கலாம்னுதான் காத்துக்கிட்டிருக்காங்க. எங்களுக்கு அந்தப் பின்னாடி ரெண்டு ரூம் போதும். எங்க பங்கை எங்களுக்கே விட்டுடுங்க."

ஒரு சொல் பிசகவில்லை. பத்திரம் எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சாட்சிகளில் ஒருவர் இருமினார். பெரியப்பா பாப்பாவைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்தார். பெரியப்பாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த இடத்தில் அப்பா 'ஆமாண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாலு பேர் முன்னால் பெரியப்பாவால் மறுத்திருக்க முடியாது. பாப்பா அப்பாவின் வாயையே பார்த்தாள்.

அப்பா சிரித்தார். அசடு வழியச் சிரித்தார்.

"அவளுக்குத் தமிழ் சரியா வராதுண்ணே. அங்கேயே வளந்த புள்ளை இல்லையா? ஒண்ணைச் சொல்ல நெனச்சா வேற ஒண்ணு வாயில வரும். அவ என்னமோ சொல்ல வந்து என்னமோ சொல்றா."

"அதானே பாத்தேன்" என்றார் பெரியப்பா. போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. "பாவம், குழந்தை என்ன பண்ணும்?"

"பாப்...பா, தண்...ணி குடிக்கறியா?" என்றாள் பெரியம்மா.

பாப்பா வாயைத் திறந்தாள். இனி எதைச் சொல்லி என்ன? பேசப்போவதும் தமிழ்தானே. பேனா அப்பாவின் கைக்கு வந்தது. அவர் எல்லா இடத்திலும் தமிழில், அழகாக, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"எனக்குத் தமிழ் வராதுன்னு அப்பா சொல்லிட்டார்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பெட்டியைத் தூக்கி பீரோ மேலே வைப்பதில் மும்முரமாக இருந்தார், முதுகுவலியோடு. சண்டை வரும் என்று பாப்பா காத்திருந்தாள், வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து திரைகளை எடுத்தாள். ஒன்றைச் சுவரைப் பார்த்த அந்த ஒற்றை ஜன்னலில் மாட்டினாள். அளவு பெரிது, தரைவரை புரண்டது. மற்றதைக் கத்தரித்து அடுப்படித் துணியாக்கினாள். பூவேலையில் எண்ணெய்க் கறை ஏற வெகுநாள் ஆகவில்லை.

அன்றிலிருந்து பாப்பா அப்பாவிடம் தமிழில் பேசவில்லை. சபதம் எல்லாம் எதுவும் இல்லை, வாய் போகவில்லை, அவ்வளவுதான். அவர் ஏதாவது கேட்டால் அந்த ஊர் மொழியில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். முதலில் அவர் பழையபடி காது கேட்காத மாதிரி இருந்து பார்த்தார். அவளுக்கு அவரிடம் வேண்டியது ஒன்றும் இல்லாததால் அந்த வித்தை பலிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியப்பா ஃபோன் பண்ணினார். புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டதாம். கடைசியில் சொன்னார், "இந்த வருஷப் படம் இன்னும் வரலையேடா?" ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார். அப்பாவும் ஒன்றுமே நடக்காத மாதிரி, "அனுப்பறேண்ணே" என்றார். அனுப்பாவிட்டால் பாப்பா அன்று சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே.

அடுத்த விடுமுறை நாளில் மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பாப்பாவும் வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. குழந்தைகள் அறைக்கு இந்த வருஷம் நீல வண்ணம் அடித்திருந்தார்கள். மேசை புதுசு. பதினேழு வயதுக்கு அந்த நாற்காலி குட்டையாக இருந்தது, முட்டி மேசையில் இடித்தது. அப்பா வழக்கம்போல ஒவ்வொரு சீட்டாகச் சொருகிக்கொண்டே வந்தார். குனிந்து நிமிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்ததும் பாப்பா கையை நீட்டி விளக்குக்குப் பின்னாலிருந்த சீட்டை முன்னால் இழுத்துவிட்டாள்.

"சீட்டு தெரியுதும்மா, உள்ள தள்ளு" என்றார் அப்பா.

பாப்பா அசையவில்லை.

"பாப்பா, சீட்டும்மா. அந்த விளக்குல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு எழுத்தும் விளங்காதவள் மாதிரி. சின்ன வயதில் முட்டியில் ரத்தத்தோடு அவர் எதிரே நின்றபோது அவர் வைத்துக்கொண்டிருந்த அதே முகம். அம்மா சோபாவின் ஓரத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள், குறுக்கே வரவில்லை. படிக்கட்டுப் பக்கம் வாடிக்கையாளர்களின் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, பாப்பா பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அந்த ஊர் மொழியில் அவளிடம் பேசினார்.

"தயவுசெய்து" என்றார். முதுகு தானாகக் குனிந்தது. வார்த்தை கிடைக்காமல் கையால் விளக்கைக் காட்டினார். "மன்னிக்கணும். அது... உள்ளே. தயவுசெய்து." வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே விதத்தில் முடித்தார். "ஐயா" என்றார், பெற்ற மகளைப் பார்த்து.

பாப்பா சீட்டை உள்ளே தள்ளினாள். அப்பா படம் எடுத்தார். இந்த வருஷம் பெரியப்பா எவ்வளவு தேடினாலும் அதில் ஒரு சீட்டும் அகப்பட்டிருக்காது.